வாய் திறந்த சூப்பர்சார்ஜர்

கல்கத்தாவில் ஒரு காரின் சூப்பர்சார்ஜரைப் பிரித்து, உள்ளே நடப்பது என்ன என்று கண்ணால் பார்த்து, திரும்பப் பூட்டி ஓட்டியும் காட்டியவர்கள் என்று பட்டியல் எழுதினால் முதல் பெயர் என்னுடையதாக இருக்கும். இரண்டாவது பெயருக்கு நீங்கள்தான் ஆள் தேட வேண்டும். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து லாரி கிளீனராக வந்து ஹௌராவில் இறங்கியவன், பத்தே வருடத்தில் கரியாஹாட் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் சொந்தமாக கராஜ் போட்டேன். இன்ஜினியரிங் படித்தவர்கள் தங்கள் வண்டியை என்னிடம் விட்டுவிட்டு, நான் சொல்வதைக் கைகட்டிக் கேட்டுப் போவார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை. நடந்தது அது.

எழுபதுகளின் நடுவில், ஆகஸ்ட் மாத மழைநாள் ஒன்றில், ஐம்பது வயதுக்கு மேல் மதிக்கத்தக்க ஒரு வங்காளி அம்மாள் சந்துக்குள் குடையோடு வந்தார். பின்னால் ரிக்‌ஷாக்காரர் ஒரு சணல் பையைத் தோளில் தூக்கிவந்து என் மேஜைமேல் இறக்கினார். பைக்குள் இருந்தது ஒரு பழைய அலுமினியப் பெட்டி. சின்ன பூசணிக்காய் அளவு இருக்கும். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு வாய், ஒரு முனையில் தண்டு.

"இது என்னன்னு தெரியுமா மிஸ்திரி?"

நாங்கள் பேசியது வங்காளியில். எனக்கு வருகிறபடி தமிழில் எழுதுகிறேன். கராஜின் மறுபாதியில் லேத் மெஷின் வைத்திருந்த வங்காளி, என்னைவிட மூத்தவர், அவரை எல்லோரும் தாதா என்றுதான் கூப்பிடுவோம். வங்காளியில் அண்ணன் தாதா, அக்கா தீதி. அவர் லேத்தை நிறுத்திவிட்டு என் பதிலுக்காகத் திரும்பினார். அப்படி ஒரு பொருளை நான் அதற்கு முன் கண்ணால் பார்த்ததில்லை.

"இதா? இந்த மாதிரி நூறு பாத்திருக்கேன் தீதி."

"ரொம்ப நல்லது. கல்கத்தாவிலேயே இது ரெண்டோ மூணோதான் இருக்கு. மிச்சம் தொண்ணூத்தேழை எங்கே பாத்தீங்க?"

தாதா சிரித்த சிரிப்பு சந்துக் கோடி வரை கேட்டிருக்கும். நான் அசரவில்லை. பெட்டியை ஒரு புரட்டுப் புரட்டி, "பேரிங் போயிருக்கு" என்றேன். அதைக் கண்டுபிடிக்க அந்தப் பொருளின் பெயர் தெரிய வேண்டியதில்லை. கை சொல்லிவிடும்.

அது சூப்பர்சார்ஜர், தான் ப்ளோயர் என்று சொல்வது வழக்கம் என்று தீதி சொன்னார். அவர் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அலிப்பூரில் அப்பா கட்டிய வீடு. அப்பா பாரிஸ்டர், யுத்தத்துக்கு முன்னால் சீமையிலிருந்து ஒரு இரண்டு சீட் வண்டியைக் கப்பலில் இறக்கியவர். அவர் போனபின் இருபது வருடமாக வண்டி ஷெட்டில் நிற்கிறது. அது தீதிக்கும் டெல்லியில் உத்தியோகம் பார்க்கும் தம்பிக்கும் பொதுச் சொத்து. பம்பாயில் ஒருவர் வாங்கத் தயாராக இருந்தார். தம்பி கடிதம் எழுதியிருந்தார். பாய் ஃபோன்ட்டாவுக்கு வருவேன், அன்றைக்கு அப்பா ஓட்டியது போலவே ப்ளோயரோடு வண்டி ஓடினால் வீட்டிலேயே இருக்கட்டும், இல்லாவிட்டால் பம்பாய்க்கு அனுப்பிவிடுவோம் என்று. காளி பூஜை முடிந்த இரண்டாம் நாள் வருவது பாய் ஃபோன்ட்டா. அக்கா தங்கைமார் உடன்பிறந்தவன் நெற்றியில் சந்தனப் பொட்டு வைக்கிற நாள்.

"மத்த மிஸ்திரிகள் எல்லாம் இதைக் கழட்டி எறிஞ்சிட்டு, ஓட்டையைத் தகடு வச்சு மூடிடலாம்னு சொல்றாங்க. அப்படியும் வண்டி ஓடுமாம்."

"ஓடும்."

"ஓடும். ஆனா பாடாது." தீதி குடையை மடக்கினார். "அதுக்கு ஒரு சத்தம் உண்டு மிஸ்திரி. அதை அப்பாகூட உக்காந்து கேட்டது நானும் என் தம்பியும் மட்டும்தான். அவன் மறந்துட்டேன்னு சொல்றான்."

எனக்கு அந்த இடத்தில்தான் பித்துப் பிடித்தது. சாதாரண எஞ்சின் தானாக மூச்சு இழுக்கும். இந்தப் பெட்டி காற்றையும் பெட்ரோலையும் எஞ்சினுக்குள் அழுத்தித் திணிக்கும் என்பது வரை விளங்கிவிட்டது. ஆனால் எப்படித் திணிக்கிறது? திணிக்கும்போது பாடுவானேன்?

ஞாயிற்றுக்கிழமை ஆளில்லாத நேரம் பார்த்து உட்கார்ந்து பிரித்தேன். உள்ளே இரண்டு எட்டுகள். எட்டு என்று எழுதுகிறோமே, அந்த எட்டுதான், அலுமினியத்தில் கட்டையாக வார்த்தது. ஒன்று நின்றுகொண்டிருந்தது, மற்றது படுத்துக்கொண்டிருந்தது. தண்டைச் சுற்றினால் நின்றது படுக்கும், படுத்தது நிற்கும். ஒன்றின் தலை மற்றதன் இடுப்புக்குள் நுழைந்து வெளியே வரும். அவ்வளவு நெருக்கத்திலும் ஒன்றை ஒன்று தொடக்கூடாது. பின்பக்கத்தில் இரண்டு பல்சக்கரங்கள், அவற்றின் கணக்கு மாறாமல் பார்த்துக்கொள்வதற்கு. பூஜைக்கு முந்தின வாரம் கரியாஹாட் நடைபாதையில், கூடை வைத்திருக்கிற இரண்டு பேர் எதிரும் புதிருமாக உரசாமல் கடந்துபோவார்கள். அந்த மாதிரி.

கரியாஹாட் முனையில் கரும்புச் சாறு பிழிகிறவனை நினைத்துக்கொண்டேன். இரண்டு உருளைக்கு நடுவே கரும்பு போகிறது, இதில் இரண்டு எட்டுக்கு நடுவே காற்று போகிறது, அவ்வளவுதான் என்று முடிவு கட்டினேன். தாதாவிடம் சொல்லவும் சொல்லிவிட்டேன். ஆனால் அந்தப்படி தண்டைச் சுற்றினால் காற்று வந்த வழியே திரும்பி வந்தது. எங்கேயோ இடிக்கிறது. பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது.

வீட்டில் ஒரு பழைய எக்ஸ்ரே படம் கிடந்தது. அதைச் சோடாக் காரத்தில் ஊறவைத்துத் தேய்த்தால் படம் போய்க் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். தண்டுகள் வெளியே வர இரண்டு துளை வெட்டி, பெட்டியை நிமிர்த்தி வைத்து, மூடிக்குப் பதில் அதை மேலே ஒட்டினேன். ஒரு கட்டு ஊதுவத்தியைக் கொளுத்தி வாயருகே பிடித்துக்கொண்டு மெதுவாகச் சுற்றினேன்.

புகை நடுவில் போகவே இல்லை! எட்டின் இடுப்புக்கும் வெளிச்சுவருக்கும் இடையே ஒரு குழி இருக்கிறதல்லவா, அதில் ஏறி உட்கார்ந்துகொண்டு, சுவரோரமாகவே சுற்றி அந்தப் பக்கம் போய் இறங்கியது. நடுவில் இரண்டு எட்டும், இறங்கிய புகை திரும்பி வராதபடி கதவடைத்து நின்றன. ஒரு சுற்றுக்கு நாலு குழி. நாலு தடவை 'புஸ்' என்று இறங்குகிறது. ஆயிரக்கணக்கில் சுற்றும்போது அந்த நாலு புஸ்ஸும் சேர்ந்துதான் பாட்டாகிறது. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. புத்தகத்தில் போட்டிருந்தாலும் எனக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது.

தாதா வாசல் பக்கம் வந்தவர், புகையைப் பார்த்துவிட்டு, "மதராஸி, செத்துப்போன மிஷினுக்குக் காரியம் பண்றியா?" என்று கேட்டார். நான் கூப்பிட்டுக் காட்டினேன். பத்து நிமிஷம் அவரே சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அப்புறம், "கரும்புச் சாறுன்னு சொன்னது எவன்?" என்றார்.

கோளாறு மூன்று. பேரிங் துருப்பிடித்திருந்தது. எண்ணெயைத் தடுக்கும் தோல் சீல் கிழிந்து, எண்ணெய் எட்டுகள் பக்கம் இறங்கியிருந்தது. எப்போதோ ஒரு மகானுபாவன் பல்சக்கரத்தை அடையாளம் வைக்காமல் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டியிருந்தான், அதனால் எட்டுகள் லேசாக உரசியிருந்தன. பேரிங், பழைய வண்டிச் சாமான் விற்கும் மல்லிக் பஜாரில் தேடிக் கிடைத்தது. தோலுக்கு டாங்ராவுக்குப் போய், தோல் பதனிடும் ஒரு சீனரிடம் கையால் தடவித் தடவித் தேர்ந்தெடுத்து, வெதுவெதுப்பான எண்ணெயில் இரண்டு நாள் ஊறப்போட்டேன். மூடிக்கு அடியில் வைக்கும் காகிதம்தான் பாடாய்ப் படுத்தியது. தடித்தால் எட்டுகள் ஆடும், மெலிந்தால் மூடியில் உரசும். கடைசியில் தாதாவின் பழைய வங்காளிப் பஞ்சாங்கத்திலிருந்து இரண்டு தாள் சரியாக உட்கார்ந்தது.

"எந்த மாசத்தைக் கிழிச்சே? நல்ல நாளெல்லாம் உன் மிஷினுக்குள்ளே போச்சுன்னா நான் எப்போ பொண்ணுக்குக் கல்யாணம் வைக்கிறது?" என்று தாதா கத்தினார்.

எட்டுகளின் இடைவெளியை ஃபீலர் கேஜ் தகடு விட்டு அளந்தேன். ஒரு அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் எட்டு பங்கு, எந்த இடத்தில் அளந்தாலும் எட்டு. ஒரு விரலால் தண்டைத் தட்டினால் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. இதற்குள் துர்கா பூஜை வந்து கராஜுக்கு விடுமுறை.

கல்கத்தாவில் மெஷின் வைத்திருப்பவர்களுக்கு விஸ்வகர்மா பூஜைதான் பெரிது. செப்டம்பரில் தாதா அதைத் தடபுடலாக முடித்திருந்தார். நான் தமிழன், எனக்கு நவமியன்று ஆயுத பூஜை செய்தாக வேண்டும். ஒரே கராஜுக்கு வருடத்தில் இரண்டு பூஜை. "உன் ஸ்பேனருக்கு மட்டும் ரெண்டு தடவை பசிக்குமா?" என்று தாதா வருடா வருடம் கேட்பார், சுண்டலுக்கு முதலில் கை நீட்டுவதும் அவர்தான். அந்த வருடம் சூப்பர்சார்ஜரை மேஜையின் நடுவில், எல்லாச் சாமானுக்கும் ராஜா மாதிரி வைத்தேன். மேலே போட்டிருந்த துணியை எடுத்துவிட்டேன். நான் செய்த வேலை மூடிக் கிடந்தால் யாருக்குத் தெரியும்? சந்தனம், குங்குமம் வைத்தேன். என் மனைவி லேக் மார்க்கெட்டிலிருந்து பூவும் வாழை இலையும் வாங்கி வந்திருந்தாள். கற்பூரம் காட்டி, அட்சதை தூவி, நிறைவாக முடித்தோம்.

அடுத்த பௌர்ணமியில் வரும் லக்ஷ்மி பூஜை கழித்து கராஜைத் திறந்து, அலிப்பூருக்குக் கொண்டுபோய் வண்டியில் மாட்டுவதற்குமுன் தண்டைத் தட்டினேன். அரைச் சுற்று போய் 'கிர்ச்' என்று நின்றது.

என் காதை நான் நம்பவில்லை. மறுபடி தட்டினேன். கிர்ச். திருப்பிச் சுற்றினால் கொஞ்சம் விடும், வேறோர் இடத்தில் பிடிக்கும். பாய் ஃபோன்ட்டாவுக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. அதை எடுத்துப்போக வந்திருந்த தீதி பக்கத்தில் நின்றார். "நூறு பாத்தவர் கையிலேயே இது நிக்குதா?" என்றார். கேலிதான், ஆனால் முகத்தில் கேலி இல்லை.

தீதி போனபின் தாதா அரத்தை எடுத்து நீட்டினார். "உரசற இடத்தை ஒரு மயிரிழை ராவிடு. முடிஞ்சுது."

அரத்தைக் கையில் வாங்கிவிட்டேன். பெட்டியின் வாய் வழியாக எட்டின் விளிம்பில் வைக்கவும் வைத்துவிட்டேன். அதை ராவினால் திரும்ப ஒட்டவைக்க முடியாது. வேறு எட்டு இந்த ஊரிலேயே கிடையாது. ஆனாலும் அன்றைக்குச் சரியாக இருந்த இடைவெளி இன்றைக்கு எங்கே போனது என்று எனக்குத் தெரிய வேண்டும். தெரியாமல் ராவுகிறவன் மிஸ்திரி இல்லை. அரத்தைக் கீழே வைத்துவிட்டு அதே வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினேன். விரல் நுனியில் எண்ணெயில் குழைந்த மஞ்சள் பொடி.

பித்தளை! பேரிங்குக்குள் குண்டுகளைப் பிடித்திருக்கும் கூடு தேய்ந்து கொட்டுகிறது. பொடியை ஒரு காகிதத்தில் மடித்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பெட்டியைப் பிரிக்காமல் தண்டு முனையிலிருந்து பேரிங்குகளை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு மல்லிக் பஜாருக்குப் போனேன். போகிற வழியெல்லாம் கடைக்காரரை என்னவெல்லாம் கேட்கலாம் என்று மனசுக்குள் ஒத்திகை. கடைக்காரர் நான் கத்தி முடிக்கும்வரை பீடி பிடித்தார். பிறகு பேரிங்கை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"உஸ்தாத், இந்தக் கூடு இரும்பு. இதுல பித்தளை எங்கே இருக்கு, காட்டுங்க. காட்டினா கடையையே எழுதித் தரேன்."

பார்த்தேன். இரும்புதான். பேரிங்குகளைப் பொறுக்கிக்கொண்டு டிராம் ஏறினேன். அப்படியென்றால் அந்த மஞ்சள் எது? எட்டு அலுமினியம், வெள்ளை. பல்சக்கரம் எஃகு. தோல் பழுப்பு. பஞ்சாங்கத் தாளா? அதுவும் இல்லை. அந்தப் பெட்டிக்குள் மஞ்சளாக எதுவுமே கிடையாது. இரண்டு நாள் இதே நினைப்பு. டிராம் ராஷ்பிஹாரி வளைவில் திரும்பும்போது வரும் கீச்சைக் கேட்டால்கூட அந்தக் கிர்ச் ஞாபகம் வந்தது.

மூன்றாம் நாள் காலை, குழாயடியிலிருந்து என் மனைவி அலறினாள்.

"ஏங்க, இங்க வாங்க! நெஞ்சுல என்ன காயம்? சட்டைப் பையெல்லாம் ரத்தமா இருக்கு, எங்கிட்டச் சொல்லவே இல்லையே!"

ஓடிப் போய்ப் பார்த்தேன். பார் சோப்புப் போட்டுத் தேய்த்த சட்டையில், பை இருந்த இடத்தில் சிவப்பாக ஒரு திட்டு. காகிதம் நனைந்து கரைந்துபோயிருந்தது.

"ரத்தம் இல்ல. பித்தளைப் பொடி வச்சிருந்தேன்."

"பித்தளை செவக்குமா?" மோந்து பார்த்தாள். இன்னும் ஒரு தடவை சோப்பைத் தேய்த்தாள், இன்னும் சிவந்தது. அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். "இது மஞ்சள்லா! மஞ்சள்ல சோப்பு பட்டாச் செவக்கும், சின்னப் பிள்ளைக்குத் தெரியும். இதக்கூடத் தெரியாமலா இத்தன வருசம் வண்டி ரிப்பேர் பாக்குதிய?"

"மிஷினுக்குள்ள மஞ்சள் எப்படி வரும்?"

"நீங்கதான தூவுனிய! ரெண்டு கையிலயும் அள்ளி, கல்யாணத்துல எறியுத மாதிரில்லா எறிஞ்சிய. அதுக்கு ரெண்டு பக்கமும் வாய் தொறந்து கெடந்துது. திங்காம என்ன செய்யும்?"

குளிக்காமல் கராஜுக்கு ஓடினேன். முழுக்கப் பிரித்துப் பார்த்தால், எட்டின் இடுப்பில் சந்தனத்தோடு ஒட்டிக்கொண்டு நசுங்கிய அரிசி. எட்டில் புதிதாக ஒரு கீறல்கூட இல்லை. மண்ணெண்ணெய் விட்டுப் பிரஷ்ஷால் கழுவி, ஒவ்வொன்றாக எடுத்தேன். பதினோரு அரிசி. பன்னிரண்டாவது அரிசி, பல்சக்கரப் பக்கத்து மூலையில் பாதியாகக் கிடந்தது. எட்டு பங்கு இடைவெளியில் ஒரு அரிசி, ராஜநடையில் போய் உட்கார்ந்திருக்கிறது. அரத்தைப் பார்த்தேன். அரிசிக்காக எட்டை ராவப் போனவன் நான். தாதா கேட்டபோது, "சின்ன அட்ஜஸ்ட்மென்ட்" என்று முடித்துக்கொண்டேன். தீதியிடமும் அதையேதான் சொன்னேன். நூறு பார்த்தவன் அட்சதைக் கதையையா சொல்வான்?

பாய் ஃபோன்ட்டா காலையில் அலிப்பூர் வீட்டு முற்றத்தில், எஞ்சினையும் சரிபார்த்து ப்ளோயரையும் மாட்டி முடித்த வண்டி நின்றது. டெல்லித் தம்பி கோட்டுப் போட்டு, நெற்றியில் ஈரச் சந்தனத்தோடு வந்தார். பானெட்டைத் திறந்தே வைத்து எஞ்சினைக் கிளப்பினேன். இருமியது, அடங்கியது, பிடித்துக்கொண்டது. கொஞ்சம் வேகம் கொடுத்தேன். எஞ்சின் சத்தத்துக்கு மேலே மெல்லிசாக ஒரு ஊளை எழுந்தது. கெட்டில் கொதிப்பதற்கு ஒரு நிமிஷம் முன்னால் ஒரு ராகம் இழுக்குமே, அதைவிட இனிமையாக. நான் வாழ்நாளில் முதல் தடவை கேட்கிறேன். சரிதானா என்று எனக்குத் தெரியாது. தீதி முகத்தைப் பார்த்தேன். அவர் தம்பி முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் கொஞ்சம் வேகம்," என்றார் தம்பி. கொடுத்தேன். ஊளை உயர்ந்தது. "இல்லை, இங்கே கொஞ்சம் நடுங்கும்," என்றார். அவரே வாயைக் குவித்து 'ஊ' என்று இழுத்துக் காட்டினார். காட்டும்போதே வண்டியும் நடுங்கியது. மறந்துவிட்டேன் என்று எழுதிய மனிதர்!

தீதி கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். தம்பிக்குப் பொட்டு வைத்த அதே தட்டோடு வந்தார். தட்டில் சந்தனம், அறுகம்புல், ஒரு பிடி நெல். அவர்கள் வழக்கத்தில் நெல்லும் அறுகும் தலையில் வைத்துத்தான் ஆசீர்வாதம். வண்டியை நோக்கி வந்தார். ஓடுகிற எஞ்சின், திறந்த பானெட், ப்ளோயருக்குக் காற்றை அனுப்பும் கார்பரேட்டர் வாய் திறந்து இழுத்துக்கொண்டிருக்கிறது. அவர் கை நெல்லை அள்ளியது.

"தீதி! வேண்டாம்! நெல்லு வேண்டாம்!"

எப்படிப் பாய்ந்தேன் என்று தெரியாது. இரண்டு உள்ளங்கையாலும் கார்பரேட்டர் வாயைப் பொத்தினேன். மூச்சு முட்டி எஞ்சின் நின்றுவிட்டது. எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

"என்ன ஆச்சு மிஸ்திரி?" என்றார் தம்பி.

வேறு வழியில்லை. சொன்னேன். அட்சதை, பித்தளை, மல்லிக் பஜார், என் மனைவியின் சோப்பு, கையில் எடுத்த அரம் எல்லாவற்றையும் சொன்னேன். அரம் என்றதும் தீதியின் முகம் ஒரு கணம் வெளுத்தது. பிறகு தட்டைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தார்.

"நூறு மிஷின் பாத்தவருக்கு ஒரு அரிசி தெரியலையா?"

"பன்னிரண்டு அரிசி தீதி," என்றேன். கணக்கு கணக்குதானே.

தம்பி வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். "பம்பாய்க்காரர் கராஜ்ல என்னத்தைத் தூவுவாங்களோ," என்றார். "இது இங்கேயே இருக்கட்டும். நாளைக்கே எழுதிடறேன்." கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு ஸ்டீரிங் பக்கம் ஏறினார். தீதி விடவில்லை, அவரைப் பக்கத்து சீட்டுக்கு நகர்த்திவிட்டுத் தானே ஓட்டினார். போகுமுன் அந்த நெல்லை என் தலையில் போட்டார். "மிஷின் வாயைப் பொத்திட்டீங்க மிஸ்திரி, இந்த வாயை மூடத்தான் யாராலும் முடியாது," என்றார்.

கேட்டுக்கு வெளியே நின்று பார்த்தேன். வண்டி மரங்களுக்கு நடுவே போய் முனையில் திரும்பியது. முதலில் எஞ்சின் சத்தம் அடங்கியது. அந்த ஊளை மட்டும் தனியாக இன்னும் கொஞ்ச நேரம் கேட்டது. அது ஏன் பின்னால் தங்குகிறது என்று நான் இன்றுவரை யோசிக்கிறேன். இத்தனையும் கண்டுபிடித்த எனக்கு அது ஒன்று மட்டும் பிடிபடவில்லை.